கூரை மேல் சூரியன்: பணம் கொடுக்குமுன் பரீட்சை வையுங்கள்!

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1980 ஜூலை 18ந் தேதி ரோகிணி செயற்கைக்கோள் கிளம்பியது அங்கிருந்துதான். 2023 ஜூலை 14ல் சந்திரயான்-3, செப்டம்பர் 2ல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1, இவை கிளம்பியதும் அங்கிருந்துதான். ஏரியில் இறால் தடவிக் கொண்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தால் ராக்கெட்டின் புகைக்கோடு வானத்தில் தெரியும்.

அந்தக் கோள்களுக்கெல்லாம் சோறு போடுவது சூரிய வெளிச்சம். ஆனால் அவற்றைச் சும்மா அனுப்பி விடுகிறார்களா என்ன? காற்றே இல்லாத பெரிய அறைக்குள் வைத்து, சுடவைத்து, குளிரவைத்து, குலுக்கி, உலுக்கி, எல்லாப் பரீட்சையிலும் தேறின பிறகுதான் மேலே அனுப்புகிறார்கள்.

இந்தக் கரையில் நாம் என்ன செய்கிறோம்? கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, சீட்டுப் பணத்தையோ குழுக் கடனையோ போட்டு, கூரை மேல் சூரியத் தகட்டை ஏற்றி விடுகிறோம். புயல் வருகிறது. கரண்ட் போகிறது. கூரையில் அத்தனை பெரிய தகடு இருக்கும்போதே வீட்டுக்குள் மெழுகுவத்தியைத் தேடுகிறோம்! இது ஏன் நடக்கிறது, நடக்காமல் பார்த்துக் கொள்வது எப்படி என்று கொஞ்சம் பேசலாமா?

முதலில், தகட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். 540 வாட் என்றோ வேறு ஏதோ ஒரு எண்ணோ போட்டிருக்கும். அது பொய்யில்லை. ஆனால் அது நம்ம ஊர்க் கணக்கு இல்லை. உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், தகட்டின் சூடு 25 டிகிரி. இந்த நிலைமையில் ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்தான் சீட்டில் இருப்பது. சித்திரை மாசத்து மத்தியானத்தில் பழவேற்காட்டில் எந்தத் தகடு 25 டிகிரியில் இருக்கும், சொல்லுங்கள்! தொட்டால் கை சுடும். 60, 65 டிகிரிக்குக் கூடப் போகும்.

"வெயில் ஏற ஏறக் கரண்ட் நிறைய வரும்தானே அக்கா?" என்று கேட்பீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம்தான். சூடு அதற்கு ஆகவே ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3லிருந்து 0.4 சதவீதம் வரை மின்சாரம் குறைகிறது. 65 டிகிரி என்றால் 40 டிகிரி அதிகம். ஆக 1000 வாட் தகடு 850 வாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதன் மேல் தூசி, ஒயரில் போகிற நஷ்டம், இன்வர்ட்டர் தின்கிற பங்கு வேறு. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு வருஷச் சராசரியில் ஒரு நாளைக்கு 4 யூனிட் தந்தால் நல்ல கணக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதில் கால் பங்கு கூட வராத நாட்கள் உண்டு. கடைக்காரர் ஐந்து, ஆறு என்று சொன்னால், "எந்த மாசத்துக் கணக்குங்க இது?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இதில் கடலோரக் கிராமங்களுக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. மத்தியானம் அடிக்கும் கடல்காற்று தகட்டைக் குளிர்விக்கும். ஆனால் காற்று நுழைய இடம் வேண்டுமே! தகட்டை ஆஸ்பெஸ்டாஸோடு ஒட்டிப் படுக்க வைக்காமல், அடியில் ஒரு சாணாவது இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். அதே சமயம் சட்டத்தை அழுத்தமாகப் பிணைக்கவும் சொல்லுங்கள். 2016 டிசம்பர் 12ல் வந்த வர்தா புயலில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. தகடு பறந்தால் போவது பணம் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தலையும்தான்.

மெயினை இறக்கிப் பாருங்கள்

மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பரீட்சையை மட்டும் மறக்காதீர்கள். தகடு பொருத்தி முடித்த அன்று, உச்சி வெயிலில், பொருத்தினவர் பக்கத்தில் நிற்கும்போதே மெயின் சுவிட்சை இறக்குங்கள். விளக்கு எரிகிறதா? மின்விசிறி சுற்றுகிறதா?

எரியவில்லை என்றால் தகடு கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. அது மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து மட்டுமே வேலை செய்கிற ரகம்; 'ஆன்கிரிட்' என்பார்கள். கம்பியில் கரண்ட் நின்றால் இரண்டு வினாடிக்குள் தானும் நின்றுவிட வேண்டும் என்பது அதற்குச் சட்டம். ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஒரு சோதனை வைத்து, தேறினால்தான் சான்று தருகிறார்கள். காரணம் நியாயமானது. புயலுக்கு அப்புறம் கம்பம் ஏறும் லைன்மேன், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். அந்த நேரத்தில் நம் வீட்டுத் தகடு கம்பிக்குள் கரண்ட்டை ஏற்றிக் கொண்டிருந்தால்? அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஆரம்பித்த 'சூர்ய கர்' திட்டத்தில் மானியம் கிடைப்பது கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2க்கு 60,000, 3ம் அதற்கு மேலும் 78,000 என்று திட்டத்தில் வைத்தார்கள். பில்லைக் குறைக்க இது அருமையான ஏற்பாடு. ஆனால் பழவேற்காட்டுப் பக்கத்தில் கோட்டைக்குப்பத்துக்கோ லைட்ஹவுஸ் குப்பத்துக்கோ பில்தானா பெரிய கவலை? வடசென்னை அனல்மின் நிலையம் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. இருந்தும் புயலடித்தால் இருட்டுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரி ராத்திரியில் பிரசவ வலி எடுத்தவளுக்கு, மூச்சிரைக்கும் குழந்தையின் நெபுலைசருக்கு, கடலுக்குப் போனவரைக் கூப்பிட வேண்டிய செல்போனுக்குக் கரண்ட் வேண்டும். அதற்குப் பாட்டரி வைத்த ரகம் வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த 'ஹைபிரிட்' வேண்டும். விலை கூடத்தான். அதனால்தான் வாங்குமுன்பே, "கம்பியில் கரண்ட் இல்லாதபோது இது எரியுமா, எரியாதா?" என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள் என்கிறேன்.

ராத்திரிக் கணக்கு

நிலாவில் இறங்கிய விக்ரம் கலத்துக்குக் கூட ராத்திரிதான் எமனாயிற்று. பகல் முழுக்கச் சூரியத் தகட்டால் வேலை செய்தது. இருட்டும் கடுங்குளிரும் வந்ததும் தூங்கப் போனது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. நம் வீட்டிலும் பரீட்சை ராத்திரியில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1800. ஈயப் பாட்டரியைத் துடைத்துக் காலி செய்தால் சீக்கிரம் உயிரை விடும். பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 900. பழைய விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இரண்டு விசிறி, மூன்று எல்.இ.டி. பல்பு, ஒரு செல்போன் என்றால் ஏறக்குறைய 190. இன்வர்ட்டர் தன் பங்குக்குத் தின்பதையும் சேர்த்தால் 220. ஆக நாலு மணி நேரம். ராத்திரி எட்டுக்குக் கரண்ட் போனால் பன்னிரண்டுக்குக் குழந்தை வியர்த்து எழுந்து அழும். அதே வீட்டில் 30 வாட் இழுக்கிற புது ரக பி.எல்.டி.சி. விசிறி இரண்டு இருந்தால் எட்டு மணி நேரம் ஓடும், விடியற்காலை வரைக்கும்! இன்னொரு பாட்டரி வாங்குவதற்கு முன்னால் விசிறியை மாற்றுவது லாபம் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கோடு நிற்காமல் செய்தும் பாருங்கள். ஒரு ராத்திரி வேண்டுமென்றே மெயினை இறக்கி, வழக்கமாக எரிவதை எல்லாம் எரியவிட்டு, எத்தனை மணிக்கு இன்வர்ட்டர் 'கீ' என்று கத்துகிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாசம் கழித்து மறுபடியும். ஐந்து மணி நேரம் வந்தது மூன்றாகிவிட்டால் பாட்டரி தளர்ந்துவிட்டது. மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்துவிடும். நெபுலைசரையும் ஃப்ரிட்ஜையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். விளக்கு மங்கி இன்வர்ட்டர் அணைந்தால், அதன் தெம்பு அவ்வளவுதான். விசிறி 'ங்ஙொய்' என்று இரைகிறதா? சதுர அலை தரும் மலிவு ரகமாக இருக்கலாம். சைன் அலை ரகமே மோட்டார்களுக்கு நல்லது.

இன்னொரு வேடிக்கை. பெரிய இன்வர்ட்டரை வைத்துக்கொண்டு ராத்திரி ஒரே ஒரு 9 வாட் பல்பு எரித்தால், பல்பை விட இன்வர்ட்டரே அதிகம் தின்றுவிடும்! சும்மா விழித்திருப்பதற்கே அதற்குப் பத்து, இருபது வாட் வேண்டும். சோதனைக் கூடங்களில் முழுப் பளுவில் மட்டுமில்லாமல், கால் பங்கு, பத்தில் ஒரு பங்கு பளுவிலும் இன்வர்ட்டரை அளப்பது இதற்காகத்தான். இதைத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் யோசித்தார்கள்: தகடு தருவதும் நேர் மின்சாரம், பாட்டரியில் இருப்பதும் நேர் மின்சாரம், எல்.இ.டி.க்கு வேண்டியதும் அதுவே. நடுவில் இன்வர்ட்டர் எதற்கு? பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 48 வோல்ட்டில் ஓடும் இன்வர்ட்டர் இல்லாத அமைப்பைச் செய்து, ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பொருத்தினார்கள். 2011ல் தமிழக அரசு ஆரம்பித்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்கு என்று கொடுத்ததும் நினைவிருக்கலாம். சின்ன வீட்டுக்குச் சின்ன ஏற்பாடு போதும். ஒன்றும் குறைச்சல் இல்லை.

உப்பு, காக்கை, கருவாடு

கொண்டல் அடித்தாலே நாக்கில் உப்புக் கரிக்கிற ஊர் இது. ஜன்னல் கம்பி துருவேறி உதிர்கிற வேகம் உங்களுக்குத் தெரியாததா? தகட்டின் சட்டம் அலுமினியம், சரி. ஆனால் அதைப் பிடித்திருக்கும் திருகும் நட்டும் வெறும் இரும்பாக இருந்தால் இரண்டு மழைக்காலம் தாங்காது. துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள். உப்புப் பனியைப் பீய்ச்சித் தகட்டைச் சோதிக்கும் பரீட்சை ஒன்று உண்டு, ஐ.இ.சி. 61701 என்று பெயர். அந்த எண் உள்ள சான்றைக் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாதக் காகிதத்தையும் வீட்டில் படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் என்றால் பொறுப்பில்லை என்று சில கம்பெனிகள் சின்ன எழுத்தில் போட்டு விடுவது உண்டு. குப்பத்துக்காரர்களுக்கு அந்தக் காகிதம் அடுப்பெரிக்கத்தான் ஆகும்!

கூரையில் கருவாடு காயப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவாட்டுக்குக் காக்கை வரும். காக்கை வந்தால் எச்சம் விழும். தகட்டின் ஒரு மூலையில் எச்சமோ, பனை ஓலையின் நிழலோ, கொடியில் காயும் புடவையின் நிழலோ விழுந்தால், குறைவது அந்த மூலை மட்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே சில்லுகள் மாலையாகக் கோத்திருக்கின்றன. ஒன்று அடைபட்டால் அந்த வரிசையே மந்தமாகிவிடும். நிழலில் மாட்டிய சில்லு சூடேறிக் கருகுவதும் உண்டு. காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்துவிட்டு, கொடியையும் கருவாட்டுப் பாயையும் நகர்த்திப் போடுங்கள்.

கழுவுவதற்கு ஏரித் தண்ணீரோ உப்புக் கிணற்று நீரோ வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் உப்புப் படலம் நிற்கும். நல்ல தண்ணீரைக் குடத்தில் சுமந்து வருகிறவளிடம் போய்த் தகட்டுக்கு ஊற்று என்றால் கோபம்தான் வரும். விடியற்காலையில் தகட்டின் மேல் பனி நனைந்திருக்கும் பாருங்கள், அப்போது பழைய பருத்தித் துணியை நீளக் கம்பில் கட்டித் தரையில் நின்றபடியே துடைத்தால் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரக் கூரையில் ஏறவும் வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

இன்வர்ட்டரை அடுக்களையில் வைக்காதீர்கள். ஆவியும் புகையும் அதற்குப் பகை. சூடு அதிகமானால் தானாகவே வேலையைக் குறைத்துக் கொள்ளும். பாட்டரியைக் காற்றோட்டமான மூலையில், வெள்ளம் எட்டாத உயரத்தில், தவழும் குழந்தையின் கைக்கும் எட்டாமல் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பக்கத்தில் சாமி விளக்கு கூடாது. அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் நிறையச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக் கொண்டே இருந்து, உடனே டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியம். செத்த பாட்டரிக்குள் இருப்பது ஈயம். வலைக்குக் கட்டுகிற குண்டும் ஈயம். வீட்டிலேயே உடைத்து உருக்கினால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்கார் பக்கத்தில் தியாரோய் என்ற கடலோர ஊரில், பழைய பாட்டரி ஈயம் மண்ணில் கலந்து, 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் நடுவே 18 குழந்தைகள் இறந்து போனார்கள். ஈயப் புகையும் தூசியும் பெரியவர்களை விடச் சின்னக் குழந்தைகளைத்தான் முதலில் தாக்கும்; மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றில் இருக்கும் சிசுவையும் விடாது. 2022ல் வந்த சட்ட விதிகளின்படி பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிக்கிறவர்களுடையது. விற்ற கடையிலேயே கொடுங்கள். புதுசு வாங்கும்போது விலையில் கழித்துக் கொள்வார்கள்.