சத்தம் அடங்கிய டேப்பட்

திருத்தங்கலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். காலண்டருக்குத் தகரம் அடிக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். கரண்ட் போனால் ஓட்ட ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். இப்போது பத்துத் தடவை கயிறு இழுத்தாலும் கிளம்புவதில்லையாம். இழுக்கும் கைக்கு எதிர்ப்பே தெரிவதில்லையாம். சிலிண்டர் போர் போய்விட்டது, பிஸ்டன் செட்டோடு மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கடிதத்தின் கடைசி வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: "முன்பு டிக் டிக்கென்று டேப்பட் சத்தம் கேட்கும். இப்போது அதுவும் இல்லை."

போர் மேல் பழி போடும் முன் வால்வைப் பாருங்கள் என்று அன்றே பதில் போட்டேன்.

வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கருக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் நடுவே ஒரு சந்து விட்டிருப்பார்கள். டேப்பட் சத்தம் அங்கிருந்துதான். சூட்டில் தண்டு நீளும். அதற்கு இடம் வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு ஐப்பசி மழையில் ஊறி நிலையில் இடிக்கும், தாழ்ப்பாள் ஏறாது. ஆசாரி வந்து விளிம்பை இழைத்துச் சந்து விட்ட பிறகுதான் அடைமழையிலும் பூட்ட முடிந்தது. ஹோண்டாவின் ஜிஎக்ஸ் 160 இன்ஜினுக்கு அந்தச் சந்து, ஆறிய நிலையில், இன்லெட்டில் 0.15 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 0.20. சிவகாசிக் கணக்கில் சொன்னால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றரை, இரண்டு. (தாளை வைத்து அளக்காதீர்கள், அது நசுங்கும், ஃபீலர் கேஜ்தான் சரி.)

தேய்ந்த இயந்திரம் லொடலொடக்கும் என்றே நாம் பழகியிருக்கிறோம். ராக்கரோ கேமோ தேய்ந்தால் அப்படித்தான், சந்து அகலும், சத்தம் கூடும். வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்தால் நடப்பது நேர்மாறு. வால்வு சீட்டுக்குள் அமிழும். அமிழ்ந்த அளவுக்குத் தண்டு ராக்கரை நோக்கி ஏறும். சந்து குறையும், சத்தம் அடங்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் ஜெனரேட்டரில் ஒவ்வொரு வால்வும், இரண்டு சுற்றுக்கு ஒன்று வீதம், ஒரு மணி நேரத்தில் 90,000 தடவை சீட்டில் வந்து மோதுகிறது. சந்து தீர்ந்துபோன வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைப்பதே சீட்டைத் தொடும் அந்த நொடிப்பொழுதில்தான். தொட முடியாமல் போனால் விளிம்பு கருகி அரிக்கும்.

இதை நாமே செய்தும் வைக்கிறோம். 'சத்தம் வராமல் டைட் வைத்துக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிறோம். விருதுநகரில் நான் வண்டி விடும் பட்டறைப் பெரியவர் மட்டும் அசைய மாட்டார்: "லேசா கேக்கட்டும் அண்ணாச்சி. கேக்குறவரைக்கும் வால்வு மூடுதுன்னு அர்த்தம்." வாடிக்கையாளர் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்தாமல் சரியான அளவு வைக்கும் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கூட்டம் குறைவு. அது எனக்கு வருத்தம்.

போரா வால்வா என்று பிரிக்க, பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி இழுத்துப் பார்க்கலாம். எதிர்ப்பு கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வு மேல்தான் சந்தேகம். பல சிறு இன்ஜின்களில் இழுக்க எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிஸ்டனை அமுக்கத்தின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்று ஏற்றிக் காது கொடுங்கள். கார்புரேட்டரில் உஸ்ஸென்றால் இன்லெட், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட், ஆயில் மூடியில் என்றால் ரிங்.

கட்டிங் மெஷினில் விழும் தாள் துண்டு ஒன்றும் உதவும். ஓடும் இன்ஜினின் சைலன்சர் வாயருகே அதைப் பிடித்தால் வெளிப்பக்கமே படபடக்க வேண்டும். நடுநடுவே வாய்க்குள் இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகுகிறது. தாள் கட்டுகளை விட்டு விலகி, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

வாசகர் மறுபடி எழுதினார். எக்ஸாஸ்ட்டில் 0.05 தகடுகூட நுழையவில்லையாம். கழற்றி, பேஸ்ட் போட்டு வால்வை உரசி, அளவு வைத்ததும் இரண்டாவது இழுப்பில் கிளம்பியிருக்கிறது, போரைத் தொடவில்லை. இனி அளக்கும்போதெல்லாம் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சில வாரங்களிலேயே சந்து மறுபடி சுருங்கினால் உரசிப் பயனில்லை, சீட்டு அமிழ்ந்துகொண்டே போகிறது. முதல் அளவை, 0.20 என்று, கிழித்த தினசரித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஜெனரேட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறாராம்.