இந்தியன் சீஃபும் ஹார்லி ஈ.எல்.லும்

பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்களைத் தேடிச் சேர்க்கும் ரசிகர்களிடையே, மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்த 'இந்தியன் சீஃப்' உயர்ந்ததா, மில்வாக்கி நகரத்து ஹார்லி-டேவிட்சன் கம்பெனியார் 1936-ல் வெளியிட்ட 'ஈ.எல்.' உயர்ந்ததா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. இரண்டும் இரட்டைச் சிலிண்டர் யந்திரங்களே. சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் சீஃபில் 42 பாகை, ஈ.எல்.லில் 45 பாகை. ஆயினும் அவற்றின் குணபேதத்துக்கு மூலகாரணம் வால்வுகள் அமைந்த இடமேயாகும்.

அயர்லாந்திலிருந்து வந்த சார்லஸ் ஃபிராங்க்ளின் என்னும் எஞ்சினியர் வகுத்துத் தர, 1922-ல் வெளிவந்த சீஃபில், வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் நின்று மேல்நோக்கித் திறக்கின்றன. உறுப்புகள் சொற்பமாதலால் பழுது பார்ப்பது சுலபம். குறைந்த வேகத்திலேயே இழுவை தாராளமாகக் கிடைக்கும். ஆனால் எரியறை பக்கவாட்டில் அகன்றுவிடுவதால், பெட்ரோல் கலவையை மிகுதியாக அழுத்த இடமில்லாமற்போய், சக்திக்கு ஒரு வரம்பு தானாகவே ஏற்பட்டுவிடுகிறது.

அந்த வரம்பைக் கடக்க வேண்டி, பொருளாதார மந்தம் தேசத்தை வாட்டிய காலத்திலும் ஹார்லி கம்பெனியார் துணிந்து வால்வுகளைச் சிலிண்டரின் உச்சிக்கு ஏற்றினர். நீண்ட தண்டுகள் கீழிருந்து உந்த, மேலுள்ள நெம்புகள் அசைந்து வால்வுகளைத் திறக்கின்றன. கலவை தடையின்றிப் பாய்ந்து, நன்கு அழுத்துண்டு எரிகிறது. சுமார் 1000 சி.சி. கொள்ளளவிலிருந்து ஏறக்குறைய 40 குதிரைசக்தி பிறந்தது அக்காலத்தில் பெரிய சாதனை. நெம்புகளை மூடும் உறை, மடக்கிய முஷ்டியின் கணுக்களைப்போலப் புடைத்திருப்பதால், பின்னாளில் இதற்கு 'நக்கிள்ஹெட்' என்ற பெயர் நிலைத்தது. எண்ணெயை மீண்டும் மீண்டும் சுழலவிடும் ஏற்பாடும் நான்கு கியர்களும் இதில் உண்டு. முதலாண்டு வண்டிகளில் தலைப்பகுதியில் எண்ணெய் கசிந்தது மெய்தான். எனினும் 1937-ல் டேடோனா கடற்கரையில் இவ்வகை எஞ்சின் பூட்டிய வண்டியைப் பந்தய வீரர் ஜோ பெட்ராலி மணிக்கு 136 மைலுக்கு மேல் செலுத்தி, அதன் சக்தியை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தார்.

சவாரி சுகத்தில் சீஃபுக்கே ஏற்றம். 1940-லேயே அதன் பின்சக்கரத்துக்குச் சுருள்வில் கிடைத்துவிட்டது. ஹார்லியின் பெரிய வண்டிகளோ அந்தப் பாக்கியத்துக்கு 1958 வரை காத்திருந்தன. சீஃபுக்கு 1940-லேயே வந்த, சக்கரங்களை ஆழ மூடும் மட்கார்டுகளின் வளைவைப்போல் சௌந்தரியமானதொன்றை வேறெந்த அமெரிக்க வண்டியிலும் காண்பது அரிது. 1953-ல் சீஃபின் உற்பத்தி நின்றது.

இரண்டில் ஒன்றையே வாங்க இயலுமாயின், நான் ஈ.எல்.லையே சிபாரிசு செய்வேன். அது தொடங்கிவைத்த 45 பாகை உச்சிவால்வு எஞ்சின் வம்சம் இன்றும் தொடர்கிறது. ஆனால் அக்கால ஹார்லி வண்டிகளின் சட்டத்தில் எண் கிடையாது. எஞ்சினின் இடப்பக்கத்தில் ஆண்டின் இலக்கங்களோடு தொடங்கும் எண்ணே வண்டியின் அடையாளம். கிராங்க்கேஸின் இரு பாதிகளின் அடியிலும் பொறித்த சிறு எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆதலால், புதிய வர்ணப்பூச்சின் பளபளப்பில் மயங்கி விலை பேசுவதற்கு முன், அன்பர்கள் தரையில் குனிந்து அந்த அடியெண்களைப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.