'நைஸ்' என்னும் சொல்லின் கதை

எங்கள் ஆங்கிலக் கட்டுரை நோட்டுகளில் அடிக்கடி சிவப்பு மையால் வட்டமிடப்படும் சொல் ஒன்று உண்டு. அதுதான் 'நைஸ்'. பயணம் நைஸ், பாட்டு நைஸ், பாயசமும் நைஸ்! "எப்படி நைஸ்?" என்று ஆசிரியை கேட்டால் விழிப்போம். ஆகவே இச்சொல்லின் பூர்வீகத்தை அகராதிகளில் தேடினோம். கிடைத்த செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது.

இதன் தாய்வீடு இலத்தீன். அம்மொழியில் 'நெஸ்கியுஸ்' என்றால் 'அறியாதவர்' என்று பொருள். 'நெ' என்பது இன்மை. 'ஸ்கீரே' என்பது அறிதல். 'சயின்ஸ்' என்ற சொல்லும் இதே 'ஸ்கீரே'யிலிருந்து பிறந்ததே. ஆக, இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்று அறிவு, மற்றொன்று அறியாமை!

பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300-இல் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தது. அன்று ஒருவரை 'நைஸ்' என்றால் மூடர் என்று ஏசியதாகும். பின்னர் 'எளிதில் திருப்தி அடையாதவர்' என்றாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் 'நுட்பமான' என்னும் பொருள் பெற்றது. நுணுக்கமான வேறுபாட்டை இன்றும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பர். 'இனிய' என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

அதன்பின் எதற்கெடுத்தாலும் 'நைஸ்'தான்! 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில், கேதரின் தனக்குப் பிடித்த நூலை இச்சொல்லால் புகழ்கிறாள். நூலின் கட்டு நேர்த்தியாக உள்ளது என்கிறாயா என்று ஹென்றி அவளைக் கேலி செய்கிறான். எங்கள் நோட்டின் சிவப்பு வட்டம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது போலும்!

தமிழரும் இச்சொல்லைத் தம் வீட்டுப் பிள்ளையாக்கிக் கொண்டனர். "மாவை நைசாக அரை" என்று அம்மா சொல்லும்போது நுண்மை தெரிகிறது. "வேலை செய்யாமல் நைசாக நழுவிவிட்டாள்" என்னும்போதோ தந்திரம் தெரிகிறது!

பெரியோர் எங்களை 'நைஸ் கேர்ள்' என்று பாராட்டும்போது உள்ளம் குளிர்கிறது. ஆனால் ஒன்றும் அறியாமல், எதையும் கேளாமல் அடங்கி இருப்பதுதான் 'நைஸ்' என்றால், அது இச்சொல் என்றோ உதறிவிட்ட பழைய பொருள். சரி எது, தவறு எது என்று நுணுகிக் காணும் அறிவும், பிறரிடம் இனிமையும் ஒருங்கே பெற்றவளே அப்பெயருக்கு உரியவள் என்று எண்ணுகிறோம்.

இனி இச்சொல்லை எழுதுமுன் பேனாவைச் சற்றே நிறுத்துவோம். பாயசம் தித்தித்ததா, பாட்டு மனத்தை உருக்கியதா, பயணம் களைப்பை மறக்கச் செய்ததா என்று எண்ணிப் பார்த்து எழுதுவோம். சிவப்பு மையும் மிச்சமாகும்!