பழைய காரின் சீட்: மேலே தைத்தால் போதுமா?

திருவனந்தபுரத்தில் பழைய கார் என்று பேச்செடுத்தால், உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் பென்ஸ் காரைக் குறிப்பிடாமல் யாரும் விடமாட்டார்கள். 1950களில் வந்த ‘180’ ரக வண்டி அது. பதிவு எண் சி.ஏ.என். 42. 2013இல் அவர் காலமாகும் வரை அந்தக் காரின் மேல் அவருக்கு இருந்த பிரியம் குறையவே இல்லை.

அது அரண்மனைக் கார். கவனிக்க ஆள் உண்டு. நம்மைப் போன்ற குமாஸ்தாவும் டாக்சி டிரைவரும் வைத்திருக்கும் அம்பாசடர், பியட் கார்களின் கதை வேறு. என்ஜினுக்கு ஆயில் மாற்றுவோம், டயர் மாற்றுவோம். சீட் கிழிந்தால் மட்டும் மேலே ஒரு உறையை மாட்டிவிட்டு மறந்துவிடுவோம். நானும் அப்படி மறந்தவன்தான்.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய அம்பாசடர். பின் சீட் குழி விழுந்து கிடந்தது. ஒரு கடையில் விட்டேன். ஒரே நாளில் பளபளவென்று புது ரெக்சின் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு எடவப்பாதி மழை போனது. காருக்குள் நனைந்த சாக்கு வாடை. அந்த ஆண்டு ஒரு கல்யாணத்துக்காக அம்மாவை நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். மார்த்தாண்டம் போய்ச் சேருவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார். “இடுப்பில் ஏதோ குத்துகிறதடா” என்றார். கல்யாண வீட்டில் அவரால் பந்தியில் உட்கார முடியவில்லை.

திரும்பி வந்ததும் கரமனைப் பக்கம் குஷன் வேலை செய்யும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம் காரைக் கொண்டுபோனேன். அண்ணாச்சி கத்தியை எடுத்துத் தையலைப் பிரித்தார். புது ரெக்சின், அதன் கீழ் ஒரு அங்குலப் புதுப் பஞ்சு. அதற்கும் கீழே பொடிப்பொடியாய் உதிர்ந்த பழைய நார், கறுத்துப்போன சாக்கு, துருவேறிய ஸ்பிரிங். ஒரு ஸ்பிரிங் முறிந்து முனை மேலே நின்றது. “புண்ணை ஆற்றாமல் புதுச் சட்டை போட்டுவிட்டிருக்கிறான், சார்” என்றார்.

மூன்று நாள் அவர் கடையிலேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். இதில் சொல்லப்போவது அங்கே கற்றதும், பிறகு தேடிப் படித்ததும்.

சீட்டுக்குள் நம் ஊர் நார்

பழைய கார் சீட் என்பது அடுக்கு அடுக்காக அமைந்தது. அடியில் இரும்புச் சட்டம், அதில் ஸ்பிரிங். ஸ்பிரிங் மேலே இருப்பதைக் கடித்துவிடாதிருக்க ஒரு சாக்குத் துணி. அதன் மேல் நார் மெத்தை. அதற்கும் மேலே மெத்தென்று ஒரு படலம். கடைசியில்தான் ரெக்சின் அல்லது தோல். பழைய ஐரோப்பியக் கார்களில் நார் மெத்தைக்குக் குதிரை மயிரையும் தேங்காய் நாரையும் பயன்படுத்தினார்கள். பெயர் பெற்ற ஜெர்மன் வண்டியான ‘வோக்ஸ்வாகன் பீட்டில்’ சீட்டிலும் தேங்காய் நார்தான்.

கேரளத்தில் பிழைக்கும் நமக்கு இது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கலாம். ‘காயர்’ என்ற ஆங்கிலச் சொல்லே மலையாளக் ‘கயர்’. நம் ‘கயிறு’க்கு உடன்பிறப்பு. ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா என்பவர் முதல் கயிற்றுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1859இல். அங்கே கலவூரில் இருக்கும் மத்திய கயிறு ஆராய்ச்சி நிலையம் இன்றும் நார் பற்றிய ஆராய்ச்சிகளைச் செய்கிறது.

வெறும் நாரைச் சீட்டில் திணித்தால் நாளடைவில் அமுங்கிக் கட்டி தட்டிவிடும். அதனால் நாரை முதலில் முறுக்கிக் கயிறாக்கி, பிறகு பிரிப்பார்கள். பிரித்த நார் சுருள் சுருளாய் நிற்கும். அதன் மேல் ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூடேற்றினால் ஒவ்வொரு நாரும் அடுத்த நாரோடு ஒட்டிக்கொண்டு வில்லைப் போல் எழும். காற்று உள்ளே போய்வரும், வியர்வை தங்காது. ரப்பரும் தேங்காயும் ஒரே மண்ணில் விளையும் கேரளத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறென்ன? 1990களில் பிரேசில் நாட்டில் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனம் இதே முறையில், தேங்காய் நாரும் ரப்பர் பாலும் சேர்த்து, வண்டிகளுக்குத் தலைதாங்கிகள் செய்ய ஏற்பாடு செய்தது.

ஆனால் ரப்பர் பால் என்றும் இளமையாக இராது. ஆண்டுகள் போகப் போகக் காய்ந்து நொறுங்கும், நார் தனித்தனியாகும். சீட்டுக்கு அடியில், தரை விரிப்பில் பழுப்பு நிறப் பொடி விழுந்து கிடந்தால் அதுதான் அடையாளம். அமரும்போது ‘கிறீச்’ என்றால் ஸ்பிரிங் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

அண்ணாச்சி முதலில் செய்த வேலை தையல் வேலையே அல்ல. பின் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் உள்ளே கசிந்தது. “இதை அடைக்காமல் நான் தைத்தால் அடுத்த துலாவர்ஷத்தில் திரும்ப வருவீர்கள்” என்றார். இடைவேளை அதிகமில்லாமல் இரண்டு மழைக்காலங்கள் வரும் இந்த ஊரில் சீட்டைக் கெடுப்பது பாதி உட்காருகிறவர். மீதி இந்தக் கசிவு.

பிறகு ஸ்பிரிங். கம்பி பிரஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்தார். முறிந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்து ஒட்டவில்லை. சூட்டில் இரும்பின் முறுக்கு போய்விடும், பக்கத்திலேயே மறுபடி முறியும் என்றார். வேறொரு பழைய சீட்டிலிருந்து நல்ல ஸ்பிரிங் எடுத்துப் போட்டார். மேலே புதுச் சாக்கு, அதன் மேல் ரப்பர் தெளித்த நார்ப் பலகை.

பஞ்சைத் தராசில் போடுங்கள்

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் பஞ்சில்தான். இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் ரப்பர் பாலை நுரைக்கவைத்து மெத்தை செய்தது 1929இல். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாலியூரித்தேன் பஞ்சு. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்ட இரசாயனத்தின் வாரிசு. அதில் ‘டென்சிட்டி’ என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரு கன மீட்டர் பஞ்சு எத்தனை கிலோ என்பதுதான் அது. உட்காரும் இடத்துக்கு 40 வேண்டும். முதுகுக்கு 32 போதும். 18 டென்சிட்டியைப் போட்டால் சீக்கிரமே அப்பளமாகிவிடும்.

கையால் அமுக்கிப் பார்த்து, விறைப்பாக இருக்கிறதே என்று வாங்கக் கூடாது. விறைப்பு வேறு, டென்சிட்டி வேறு. நிறுத்துப் பார்ப்பதே வழி. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலக் கனமுள்ள துண்டு 40 டென்சிட்டியானால் ஏறக்குறைய 1.7 கிலோ இருக்க வேண்டும். 800 கிராம்தான் இருக்கிறது என்றால் அது 19க்கு மேல் போகாது. கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

பஞ்சைச் சுற்றி பாலிதீன் தாள் போர்த்தித் தைப்பவர்களும் உண்டு. உறை வழுக்கிக்கொண்டு ஏறுவதற்கு அது வசதி. ஏறியதும் உருவிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் வியர்வையும் ஈரமும் வெளியேற வழியின்றிப் பூஞ்சை பிடிக்கும்.

உறையை வெட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய உறையைப் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டுவது வழக்கம். ஆனால் பழையது இழுபட்டுத் தொங்கியிருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தால் புதிய உறையும் முதல் நாளே தொங்கும். எவ்வளவு இழுபட்டது என்று கண்ணால் அறிந்து குறைக்கத் தெரிந்தவரே கைதேர்ந்தவர்.

அசல் தோலானால்

என் கார் ரெக்சின். அதே கடையில் ஒரு பழைய வெளிநாட்டுக் காரின் அசல் தோல் சீட்டும் கிடந்தது. இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: பின்புறத்தில் துணி இருந்தால் ரெக்சின், நார் நாராய், மயிர்த்தாற்போல் இருந்தால் தோல்.

தோல் என்றால் நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை நினைவு வரும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தென்னாட்டுத் தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயிற்று. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இத்தொழிலுக்காக ஏற்பட்டதே. கார் சீட்டுக்குப் பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்டு, மேலே நிறப்பூச்சு கொடுத்த தோலே பயன்பட்டு வந்திருக்கிறது.

அந்தப் பூச்சில் மட்டும் மயிரிழை வெடிப்புகள் என்றால் தோலை மாற்ற வேண்டாம். மென்மையான பிரஷும் சோப்பு நுரையும் போதும். நுரைதான் வேண்டும், தண்ணீர் வேண்டாம். நிழலில் உலர்த்தித் தோலுக்குரிய கிரீமைத் தடவி, நிறம் ஏற்றலாம். தையல் விட்டிருந்தால் மிஷினில் புதுத் துளை போடாமல், பழைய துளைகள் வழியே கையால் தைக்க வேண்டும். தோலில் விழுந்த துளை ஆறாது. துளைக்குப் பக்கத்தில் துளை போட்டால் தபால் தலை கிழிவதுபோல் கிழியும். கிழிந்த இடத்தின் பின்னால் கித்தான் துண்டை ஒட்டுவார்கள்.

நம்மவர்கள் செய்யும் வைத்தியம் வேறு. தேங்காய் எண்ணெய் தேய்ப்பார்கள். இரண்டு நாள் மினுமினுக்கும். மழை வந்ததும் பூஞ்சை பூக்கும். பெட்ரோலால் துடைத்தால் அழுக்கோடு நிறமும் போகும். பூட் பாலீஷ் போட்ட ஒருவர் வெள்ளை வேட்டியோடு கோயிலுக்குப் போய் இறங்கிய கோலத்தை இங்கே எழுத முடியாது!

தோலே இற்றுப்போயிருந்தால் புதிதுதான் போட வேண்டும். ஒரு காருக்கு ஒரு மாட்டின் தோல் போதாது. ஒரே தடவையில் நிறம் ஏற்றிய பல தோல்கள் வேண்டும். முதுகுப் பகுதி இழுபடாது. அதை உட்காரும் இடத்துக்கும், வயிற்றுப் பகுதியை ஓரங்களுக்கும் வெட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு செலவு ஒரு பழைய காருக்குத் தகுமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை புதுப்பிக்கும் எண்ணம் இல்லாதவர் இந்தச் செலவில் இறங்காமல் சாதாரண உறையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஆனால் தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்து பிழைக்கும் டிரைவர், மற்றதைத் தள்ளிப்போட்டாலும் முன் சீட்டையாவது பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

நான் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்தேன். துலாவர்ஷம் ஓய்ந்ததும் அம்மாவை மறுபடியும் நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். மார்த்தாண்டத்தில் நானாகத்தான் டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை, பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.