உடைந்த கல்லும் ஆர்தர் மன்னனும்

ஆர்தர் மன்னன் கதையின் மூலத்தைத் தேடுவோர் பிரிட்டனைவிட்டுக் குரோஷியாவின் போட்ஸ்ட்ரானா கடற்கரை வரை செல்கின்றனர். அங்குள்ள ரோமானியக் கல்லறைக் கல்வெட்டு, லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ் என்ற படைத்தலைவரின் பதவிகளை வரிசையாகக் கூறுகிறது. ரோமானியப் பிரிட்டனின் வட எல்லையைக் காத்த, யார்க் நகரில் நிலைகொண்டிருந்த ஆறாம் லீஜியனில் அவர் பதவி வகித்தார். பிரிட்டனியப் படைகளைப் போருக்கும் நடத்திச் சென்றார். யாருக்கு எதிராக? கல் அங்கேதான் சிதைந்திருக்கிறது. விடுபட்ட எழுத்துகளை ‘அர்மோரிக்கர்’ என நிரப்பினால் போர்க்களம் பிரான்ஸின் வடமேற்குக் கரை. ஆர்தரும் கடல்கடந்து அந்நாட்டில் போரிட்டதாகக் கதை உண்டு. ‘ஆர்மீனியர்’ என நிரப்பினாலோ, அது பேரரசின் கிழக்கு எல்லை. அந்த ஒப்புமை கலைந்துவிடும். மேலும், ஆர்தரின் பகைவரான சாக்சன்கள் பிரிட்டனில் குடியேறியது 5ஆம் நூற்றாண்டில். காஸ்டஸோ அதற்கு இரு நூற்றாண்டுகளேனும் முற்பட்டவர். ஆர்டோரியஸ் என்ற பெயர் ஆர்தராகத் திரிந்திருக்கலாம். மொழியியல் அதற்கு இடந்தருகிறது. ஆனால், இரண்டே புள்ளிகளை வைத்துக் கோடு வரைந்த பொருளியல் மாணவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு.