லாரி வாங்கும் முன் லோடு தேடுங்கள்

நாமக்கல்லில் வயதான லாரி உரிமையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்களில் பலர் கிளீனராகத் தொடங்கியவர்கள் என்பது தெரியவரும். தார்ப்பாய் கட்டி, ஜாக்கி போட்டு, ஓட்டுநர் தூங்கும்போது வண்டிக்குக் காவல் இருந்து, பிறகு ஸ்டியரிங் பிடித்து, பல வருடம் கழித்து ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக வாங்கியவர்கள். மழையை நம்பிய விவசாயம் கைகொடுக்காத அந்த வட்டாரத்துக்கு லாரி சோறு போட்டது. நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும் எரிவாயு டேங்கர்களும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும், சங்ககிரியின் லாரிகளும் அப்படி வளர்ந்தவைதான்.

இன்று தொழிலுக்கு வருபவர்களில் பலர் இந்த வழியில் வரவில்லை. வெளிநாட்டில் பத்து வருடம் சம்பாதித்துத் திரும்பியவர், விருப்ப ஓய்வுத் தொகையைக் கையில் வைத்திருப்பவர், அப்பாவின் நிலத்தில் ஒரு பகுதியை விற்றவர் என்று லாரியின் கேபினுக்குள் ஏறியே பார்க்காதவர்களும் வருகிறார்கள். வண்டி கிடைப்பது அவர்களுக்குச் சிரமமே இல்லை. ஆவணங்கள் சரியாக இருந்தால் கடன் சில நாளில் கிடைத்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்பதுதான். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, யாருடைய சரக்கு, திரும்பும்போது என்ன லோடு என்பதைக் கேட்டு முடித்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது.

அனுபவம் இல்லாமல் இறங்கி வென்றவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் கதக் ஊரைச் சேர்ந்த விஜய் சங்கேஷ்வரின் குடும்பத் தொழில் அச்சகமும் புத்தக வெளியீடும். 1976-இல் அவர் ஒரே ஒரு லாரியோடு, குடும்பத்துக்குப் பழக்கமில்லாத சரக்குப் போக்குவரத்தில் இறங்கினார். பிறகு ஹூப்ளிக்கு இடம்பெயர்ந்து அங்கிருந்து பெங்களூரு, பெல்காம் என்று சேவையை விரித்தார். அவருடைய வி.ஆர்.எல். லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் 2015-இல் பங்குச் சந்தையில் பட்டியலானது. இன்று அதன் சொந்தச் சரக்கு வண்டிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022-இல் அவர் வாழ்க்கை 'விஜயானந்த்' என்ற கன்னடப் படமாகவும் வந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு லாரி ஐயாயிரம் ஆனதை மட்டும் சொல்கிறார்கள். அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது பார்சல் சர்வீஸ் என்பதைச் சொல்வதில்லை. முழு லாரியையும் ஒரே முதலாளிக்கு வாடகைக்கு விட்டால், அவர் லோடு தராத அன்று சக்கரம் சுற்றாது. பார்சல் லாரியிலோ நூறு பேருடைய சரக்கு போகிறது. அதற்கு ஊருக்கு ஊர் புக்கிங் ஆபீஸ், கிடங்கு, ஆட்கள் எல்லாம் வேண்டும். சங்கேஷ்வர் அவற்றைக் கட்டியெழுப்பினார். லோடு அவர் கைக்கு வந்தது.

ஒரு வண்டிக்காரருக்கு அது உடனே முடியாது. ஆனால் கணக்குப் போட முடியும். உதாரணத்துக்கு ஒரு கனரக லாரிக்கு 40 லட்சம் ரூபாய் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை, அதாவது லாரிக்காரர்கள் 'ட்யூ' என்று சொல்வது, ஏறத்தாழ 85,000 ரூபாய் வரும். காப்பீடு, சாலை வரி, பெர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்தால் 15,000; ஓட்டுநர் சம்பளம் 20,000 என்று கொள்வோம். ஆக வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் 1,20,000 ரூபாய் செலவு. ஒரு நாளைக்கு 4,000.

இதே வண்டி மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் அந்தச் செலவு கிலோமீட்டருக்கு 15 ரூபாய். 4,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் 30 ரூபாய். டீசல் லிட்டர் 92 ரூபாய், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் டீசலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 23 ரூபாய் தனியாகப் போகும். அதன் மேல் சுங்கக் கட்டணம், டயர் தேய்மானம், ஓட்டுநர் படி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன். வாடகை பேசும்போது 8,000 கிலோமீட்டர் ஓட்டியவருக்கும் 4,000 ஓட்டியவருக்கும் ஒரே வாடகைதான் கிடைக்கும். ஒருவருக்கு அதில் லாபம். மாதத்தில் பாதி நாள் நின்ற வண்டிக்காரருக்கு நட்டம். புதியவர்கள் பலரைத் தொழிலை விட்டுத் துரத்துவது விபத்தோ டீசல் விலையோ அல்ல, வண்டி நிற்கும் நாட்கள்தான். கம்பெனி வாசலில் லோடு இறக்க இரண்டு நாள் காத்திருக்கும் வண்டிக்கு 'ஹால்டிங்' பணம் உண்டு என்று முதலிலேயே பேசி எழுதி வாங்காவிட்டால், அந்த எட்டாயிரமும் உரிமையாளர் தலையில்தான் விழும்.

ரிட்டர்ன் லோடுதான் இந்தத் தொழிலின் உயிர். சேலம் வட்டாரத்து ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரத்தில் எப்போதும் தேவை உண்டு; விரத நாட்களில் அங்கே அது முக்கிய உணவு. அதை ஏற்றிப் போகும் லாரி நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பினால் இரண்டு பக்கமும் வாடகை. வெறும் வண்டியாகத் திரும்பினால் போனபோது கிடைத்த லாபம் டீசலாகக் கரைந்துவிடும். எந்தப் பருவத்தில் எங்கே சரக்கு விழும், அங்குள்ள எந்த புக்கிங் ஆபீஸ் ஒழுங்காகப் பாக்கி தரும், எங்கே இரண்டு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை, எங்கிருந்து உடனே கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் பழைய ஆட்களின் தலைக்குள் இருக்கிற அறிவு. பட்டறையிலும் ஷோரூமிலும் அது கிடைக்காது.

புதியவருக்கு லோடு பெரும்பாலும் புரோக்கர் வழியாகவே வரும். இதில் தவறில்லை. அவர் கமிஷன் எடுத்துக்கொண்டு, வாடகையில் ஒரு பகுதியை அட்வான்ஸாகத் தருவார். சரக்கு இறங்கி, இறங்கியதற்கான கையெழுத்துத் தாள் திரும்பி வந்த பிறகு மீதி வரும். சிக்கல் அந்த மீதியில் இருக்கிறது. கம்பெனிகளிடம் நேரடியாக ஓட்டினாலும் பில் பாஸாகிப் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆவது சாதாரணம். டீசலுக்கோ அன்றன்றே பணம் வேண்டும். ட்யூ தேதியும் தள்ளிப்போகாது. கையிலிருந்த பணம் முழுவதையும் வண்டிக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு இறங்குபவர், லாபகரமாக ஓடும் வண்டியை வைத்துக்கொண்டே ட்யூ கட்ட முடியாமல் பறிகொடுப்பது இதனால்தான். ட்யூவும் டீசலும் சேர்த்து மூன்று மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் விலை குறைந்த வண்டியாகப் பார்ப்பதே நல்லது.

இதில் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 'உத்யம்' தளத்தில் குறு, சிறு நிறுவனமாகப் பதிந்துகொண்டவருக்கு, வேலை கொடுத்தவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். தராமல் இழுத்தால், அந்தச் செலவை உரிய ஆண்டின் வருமான வரிக் கணக்கில் அவர் கழித்துக்கொள்ள முடியாது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பத்து வண்டி வரை வைத்திருப்பவருக்கு வருமான வரியிலும் எளிய வழி உண்டு. 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டி என்றால், மொத்த எடையின் ஒவ்வொரு டன்னுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று காட்டினால் விரிவான கணக்குப் புத்தகங்கள் தேவையில்லை.

மாதா மாதம் நிலையாக ஓடும் ஒப்பந்த லோடு கிடைத்தால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தம் போடுகிறவர் விதியை மாற்றினால் வண்டிக்காரர் என்ன செய்வார்? நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள், எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்து 2025 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள். டேங்கரில் சிமென்ட் மூட்டை ஏற்ற முடியாது. ஒரே சரக்குக்கென்று கட்டிய வண்டியில் வருமானம் நிலையாக இருக்கும் என்றால், அதில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. முதல் வண்டியைப் பொதுச் சரக்கு ஏற்றும் சாதாரண பாடியோடு வாங்குவதே புதியவருக்குப் பாதுகாப்பு.

வாடகை கட்டுப்படியாகவில்லை என்றதும் பலர் கண்டுபிடிக்கும் வழி ஓவர்லோடு. 2018-இல் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியபோது, நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. ஆறு சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 ஆனது. அதற்கு மேல் ஏற்றினால், 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மூன்று டன் அதிகம் என்றால் 26,000. அத்தனை டன்னும் கூடுதலாக ஏற்றிப் பெற்ற வாடகை அந்த ஒரு எடை மேடையில் போய்விடும். டயர் வெடிப்பதும், பிரேக் பிடிக்காமல் போவதும், அதனால் சாலையில் போகிற யாரோ ஒருவர் சாவதும் அபராதத்தில் அடங்காத கணக்கு. ஓவர்லோடு ஏற்றினால்தான் லாபம் என்று ஒருவர் சொன்னால், அந்தத் தடத்தில் லாபமே இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டுநர் கிடைப்பது இன்று லோடு கிடைப்பதை விடக் கடினம் என்று உரிமையாளர்கள் புலம்புகிறார்கள். ஓட்டுநர்களின் பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மறுக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. மாதத்தில் இருபத்தைந்து நாள் வீட்டைப் பார்க்காமல், சாலையோரம் குளித்து, வெயிலில் வெந்து ஓட்டும் வேலைக்குச் சமூகம் தந்த மரியாதை மிகக் குறைவு. 2025 நவம்பர் வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலைதான் என்றது. நெடுஞ்சாலையில் அது எழுத்தோடு நின்றுவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருப்பது தாமதமாக வந்த நல்ல மாற்றம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதலீடு, ஓட்டுநருக்குச் சம்பளத்தையும் படியையும் தேதி தவறாமல் கொடுப்பதும், தூங்க நேரம் கொடுப்பதும்தான். டீசல் சிக்கனம், டயரின் ஆயுள், சரக்கின் பத்திரம் எல்லாம் அவர் கையில் இருக்கின்றன.

அவருடைய உரிமத்தைச் சரிபார்ப்பதும் முதலாளியின் கடமை. காலாவதியான உரிமத்தோடு ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க முடியும். உயிரிழப்பு வழக்குகளில் அது ஒரு லாரியின் விலையையே தாண்டலாம்.

பழைய வண்டி வாங்குவது புதியவருக்குப் பொருத்தமான வழிதான். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் உரிமையாளரானது அப்படித்தான். 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே பெரிதானது. ஆனால் பழைய வண்டியை வெயிலில் மின்னும் பெயின்ட்டைப் பார்த்து வாங்கக் கூடாது. சேஸிஸ் எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா, பழைய கடன் முடிந்து அதற்கான சான்று இருக்கிறதா, வரி பாக்கியும் அபராத பாக்கியும் எவ்வளவு என்பதை அரசின் 'பரிவாகன்' தளத்தில் பார்த்துவிடலாம். எஃப்.சி. எப்போது முடிகிறது என்பது முக்கியம். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன்பின் வருடா வருடமும் வண்டியைத் தகுதிச் சோதனைக்கு விட வேண்டும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பார்க்க, விற்பவருக்குத் தெரியாத மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும்.

கனரக வண்டியில்தான் தொடங்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட்டே தேவையில்லை. 7,500 கிலோ வரையிலான வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் வித்தியாசம் பெரிது. 2022 ஜூன் கட்டணப்படி 7,500 கிலோ வரை 16,049 ரூபாய். 20 டன்னுக்கு மேல் 40 டன் வரை 43,950 ரூபாய். சிறிய வண்டியில் ஒரு வருடம் உள்ளூர் லோடு ஓட்டினால், வாடகை பேசவும், பாக்கி வசூலிக்கவும், யாரை நம்பலாம் என்று எடை போடவும் குறைந்த செலவில் கற்றுக்கொள்ளலாம்.

கையில் பணத்தோடு ஷோரூமுக்குக் கிளம்ப இருப்பவர்கள் அதற்கு முன் மூன்று மாதம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்காருங்கள். ஓட விரும்பும் தடத்தில் ஒரு தெரிந்த ஓட்டுநரோடு போய்த் திரும்புங்கள். எங்கே நிற்கிறார்கள், எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். தொடர்ந்து லோடு தருகிறேன், ஹால்டிங்கும் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒரு வாடிக்கையாளராவது கிடைத்த பிறகு வண்டிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.