பழைய புல்லட் பெட்ரோல் அதிகம் குடிக்கிறதா? கார்புரேட்டரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

திருவண்ணாமலை, வேங்கிக்கால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பால் கேனும் தீவன மூட்டையும் ஏற்றிச் செல்லும் பழைய புல்லட்டுகளை இன்றும் பார்க்கலாம். 1955 முதல் சென்னையில் தயாராகி வந்த இந்த வண்டி, முறையாகப் பராமரித்தால் தலைமுறை தாண்டியும் உழைக்கும். ஆனால் கறுப்புப் புகை விட்டு, மைலேஜ் குறைந்ததும் பலர் புது கார்புரேட்டர் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையில்லாத செலவு.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று குறைந்து பெட்ரோல் கூடினால் வண்டி 'ரிச்' ஆக ஓடுகிறது என்பார்கள் மெக்கானிக்குகள். தினமும் 30 கி.மீ. ஓடும் வண்டியின் மைலேஜ் 40-லிருந்து 28 ஆகக் குறைந்தால், மாதத்துக்குச் சுமார் 10 லிட்டர் பெட்ரோல் வீண். அதைவிடப் பெரிய நஷ்டம், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடுவதுதான். ரிங்கும் போரும் தேய்ந்தால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

ரிச்தானா என்று உறுதி செய்யுங்கள்

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பு படிந்திருந்தால் ரிச். எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பாக இருந்து, நீலப் புகையும் வந்தால் ஆயில் எரிகிறது. அது கார்புரேட்டர் கோளாறு அல்ல.

இன்னொரு சோதனை: சூடான வண்டியை வெட்டவெளியில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஐடிலிங்கில் விட்டு பெட்ரோல் டேப்பை மூடுங்கள். நின்றுபோவதற்கு முன் இன்ஜின் வேகம் கூடி, சிறிது நேரம் சீராக ஓடினால் அதுவரை பெட்ரோல் அதிகமாகச் சென்றிருக்கிறது என்று பொருள்.

முதலில் மூன்று இடங்கள்

சோக்: லீவர் முழுவதும் திரும்பி மூடுகிறதா என்று பாருங்கள். சோக் பாதி திறந்தபடி சிக்கினால் எந்த வேகத்திலும் ரிச்தான்.

ஏர் ஃபில்டர்: நெல், கடலை அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி இதை விரைவில் அடைத்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள். தட்டிச் சுத்தம் செய்யுங்கள், கறுத்துப்போயிருந்தால் மாற்றுங்கள்.

மிதவை: நிறுத்திய வண்டியின் கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் சொட்டினால் மிதவையையோ அதன் ஊசி வால்வையோ சந்தேகப்படுங்கள். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. வால்வு முனையில் வளையம் போலத் தேய்ந்த தடம் இருந்தால் மாற்றுங்கள்.

இலை பார்ப்பது போல வேகம் பாருங்கள்

பயிர் மஞ்சளாக இருந்தால் உடனே யூரியா போடுவதில்லை. அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளா என்று பார்க்கிறோம். அடி இலை என்றால் தழைச்சத்துக் குறை. குருத்து என்றால் இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். கார்புரேட்டரும் அப்படித்தான். ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகும்போது கோளாறு வருகிறது என்பதே பழுதான பாகத்தைக் காட்டிக்கொடுக்கும். கைப்பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று குறித்து, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

ஐடிலிங்கில் மட்டும் ரிச் என்றால் ஏர் ஸ்க்ரூவைப் பாருங்கள். மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் வையுங்கள். ஃபில்டர் பக்கம் உள்ள ஸ்க்ரூவை வெளியே திருகினால் பெட்ரோல் விகிதம் குறையும். இன்ஜின் பக்கம் ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரில் இது நேர்மாறு.

கால் முதல் முக்கால் வரை ரிச் என்றால் நீள ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் காரணம். ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி கீழே இறங்கி பெட்ரோல் குறையும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஜெட் தேய்ந்திருக்கும். ஊசி பல ஆண்டுகள் உரசியதில் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். பழைய வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத பழுது இதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் ரிச் என்றால் மெயின் ஜெட்டின் எண் உங்கள் மாடலுக்கு உரியதுதானா என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

ஜெட் துளையைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சற்றுப் பெரிதானாலும் பெட்ரோல் கூடும். பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் காற்று அடித்தால் போதும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ரிச் ஆகிறது என்பது சரியல்ல. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று 'லீன்' பக்கமே போகும். ஆனால் பழைய ரப்பர் பாகங்களை அது உப்பவோ இறுகவோ செய்யலாம். டியூப், வாஷர்களைச் சோதியுங்கள்.

இந்த வேலையை மாட்டுக்கொட்டகை, வைக்கோல் போர் அருகே செய்யாதீர்கள். இரவில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால், பழுதைச் சரிசெய்து ஆயிலை மாற்றிய பிறகே வண்டியை எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டி, பிளக்கைப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.